அகதியின் வாய்ச்சொல்லுக்கு எடை எவ்வளவு?

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கடல் கடந்த கோர்ட்டுகளில் நடக்கும் ஒருவகை வழக்கைப் பற்றியது. உயிருக்குப் பயந்து அந்நிய நாட்டுக்கு ஓடி வந்த ஒருவர், "ஊருக்குத் திரும்பினால் என்னைக் கொன்றுவிடுவார்கள்" என்கிறார். அந்த நாட்டு சர்க்கார் அதிகாரி, "நீ சொல்வதை நாங்கள் நம்பவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். அவர் அப்பீல் செய்கிறார். அப்பீலைக் கேட்கும் நீதிபதிக்கு முன்னால் பெரும்பாலும் ஒரே ஒரு கேள்விதான் நிற்கிறது. இந்த மனிதர் சொல்வதை நம்பலாமா, கூடாதா?

இதில் நமக்கென்ன என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். ஆலையில் உள்விசாரணைக்குப் போய் நின்றவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். மேஸ்திரி எழுதிக் கொடுத்தது ரிப்போர்ட். தொழிலாளி சொல்வது வெறும் வாய்ச்சொல். வயலிலும் அதே கதைதான். எத்தனை நாள் நடவுக்கு வந்தாய் என்பதற்குப் பண்ணையாரிடம் நோட்டுப் புத்தகம் இருக்கிறது. சேற்றில் நின்ற பெண்ணிடம் என்ன இருக்கிறது? வாய்ச்சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு நியாயம் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்பதை உங்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. வித்தியாசம் ஒன்றுதான். நம் வழக்கில் தோற்றால் வேலை போகும், கூலி போகும். அவர்கள் வழக்கில் தோற்றால் உயிரே போகலாம்.

அடித்தவன் ரசீது கொடுப்பதில்லை

அகதி என்றால் யார்? இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு, 1951இல் ஜெனீவாவில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. இனம், மதம், தேசியம், ஒரு குறிப்பிட்ட சமூகப் பிரிவைச் சேர்ந்திருப்பது, அரசியல் கருத்து - இந்த ஐந்தில் ஏதாவது ஒன்றின் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்ற ஆதாரமுள்ள பயத்தால் சொந்த நாட்டுக்கு வெளியே இருப்பவர் அகதி என்று அது சொல்லுகிறது. முதலில் அது 1951க்கு முன் நடந்த சம்பவங்களுக்கு மட்டும் பொருந்தியது. 1967இல் வந்த துணை ஒப்பந்தம் அந்த வரம்பை நீக்கியது.

"ஆதாரமுள்ள பயம்" என்கிறார்கள். ஆதாரம் எங்கிருந்து வரும்? இரவில் வீட்டுக் கதவை உதைத்துப் பிடித்துக்கொண்டு போனவன் வாரண்டு கொடுத்திருக்க மாட்டான். லாக்கப்பில் அடித்தவன் ரசீது கொடுக்கமாட்டான். லஞ்சம் கொடுத்துத் தப்பினால் அதற்கு பில் கிடையாது. சாட்சி சொல்லக்கூடியவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். வாய் திறந்தால் அவர்களுக்கும் ஆபத்து. ஆகவே அகதியின் வழக்கில் முதல் சாட்சியும் கடைசிச் சாட்சியும் பெரும்பாலும் அவரேதான்.

ஐக்கிய நாடுகள் சபையின் அகதிகள் ஸ்தாபனம் இதை உணர்ந்திருந்தது. 1979இல் அது வெளியிட்ட கைப்புத்தகம் இரண்டு விஷயங்களைச் சொன்னது. ருசுப்படுத்தும் பொறுப்பு முதலில் விண்ணப்பித்தவர் மேல் இருந்தாலும், உண்மைகளைத் தேடிச் சேர்க்கும் கடமையை விசாரிப்பவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது ஒன்று. கிடைக்கக்கூடிய சாட்சியம் எல்லாவற்றையும் அவர் கொடுத்த பிறகு, அவருடைய கதை முன்னுக்குப் பின் இசைந்து வந்து, ஊரறிந்த உண்மைகளுக்கு விரோதமாகவும் இல்லாவிட்டால், சந்தேகத்தின் பலனை அவருக்கே கொடுக்க வேண்டும் என்பது இன்னொன்று.

காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறை எப்படி? பிரிட்டனை எடுத்துக்கொண்டு பார்ப்போம். இந்த வழக்குகளில் பல முக்கியமான தீர்ப்புகள் அங்கே வந்திருக்கின்றன. அவற்றில் சில, தமிழ் அகதிகள் போராடி வாங்கியவை.

வழக்கு போகும் பாதை

பிரிட்டனில் வந்து இறங்கி அகதி விண்ணப்பம் போடுகிறவரை முதலில் சுருக்கமாக விசாரிக்கிறார்கள். பெயர் என்ன, எந்த வழியாக வந்தாய், ஏன் வந்தாய் என்று கேட்டு நான்கு வரி எழுதிக்கொள்கிறார்கள். சில மாதம் கழித்தோ, ஒரு வருஷமோ அதற்கு மேலோ கழித்தோ, நீண்ட விசாரணை. நூறு, இருநூறு கேள்விகள். மொழிபெயர்ப்பாளர் நடுவில் உட்கார்ந்திருப்பார். பிறகு உள்துறை இலாகாவிடமிருந்து முடிவு வரும். மறுப்பு என்றால் காரணங்களை எழுதி ஒரு நீண்ட கடிதம் வரும்.

அந்தக் கடிதங்களைப் படித்தால் ஒரே வகையான காரணங்கள் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். முதல் விசாரணையில் மூன்று பேர் பிடித்ததாகச் சொன்னாய். இரண்டாவதில் நான்கு பேர் என்கிறாய். சம்பவம் நடந்த தேதியை மாற்றிச் சொல்லுகிறாய். அவ்வளவு பந்தோபஸ்துள்ள முகாமிலிருந்து நீ தப்பினாய் என்பது நம்பும்படியாக இல்லை. வழியில் பிரான்சில் ஏன் விண்ணப்பிக்கவில்லை? ஆகவே, உன்னை நம்பவில்லை.

அதன் மேல் அப்பீல், முதல் படி டிரிப்யூனலுக்குப் போகிறது. அங்கே அவர் நேரில் வந்து சாட்சி சொல்லலாம். சர்க்கார் தரப்பு குறுக்கு விசாரணை செய்யும். அதற்கும் மேலே மேல் டிரிப்யூனல், அப்பீல் கோர்ட்டு, சுப்ரீம் கோர்ட்டு என்று ஏணி இருக்கிறது. ஆனால் மேலே போகப்போகச் சட்டப் பிழையைத்தான் காட்ட வேண்டும். "கீழ்க் கோர்ட்டு என்னை நம்பவில்லை, நீங்களாவது நம்புங்கள்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு மேலே ஏற முடியாது. நம்பினார்களா, நம்பவில்லையா என்பது பெரும்பாலும் அந்த முதல் படியிலேயே முடிந்துவிடுகிறது.

அதிகாரிகள் எழுதியதெல்லாம் சரி என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு விவரம். 2022இல் பிரிட்டனில் தீர்ப்பான அகதி அப்பீல்களில் ஏறக்குறையப் பாதியில் அகதிகளே ஜயித்தார்கள். அப்பீல் என்ற ஒன்று இல்லாதிருந்தால் அவ்வளவு பேரும் திரும்பிப் போயிருக்க வேண்டும்.

எவ்வளவு ருசு வேண்டும்?

கிரிமினல் வழக்கில் சந்தேகத்துக்கிடமின்றி ருசுப்படுத்த வேண்டும். சிவில் வழக்கில் எந்தப் பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் சாய்கிறதோ அந்தப் பக்கம் தீர்ப்பு. அகதி வழக்கில் அளவுகோல் எது?

1987 டிசம்பரில் பிரிட்டனின் பிரபுக்கள் சபை, அப்போது அதுதான் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம், இலங்கையிலிருந்து ஓடி வந்த தமிழர் சிலருடைய வழக்கில் இதற்குப் பதில் சொன்னது. சிவகுமாரன் வழக்கு என்று அதைச் சொல்லுவார்கள். அவர் மனத்தில் பயம் இருந்தால் மட்டும் போதாது, அந்தப் பயத்துக்கு வெளியே ஆதாரம் இருக்க வேண்டும் என்றார்கள். ஆனால் துன்புறுத்தல் நிச்சயம் நடக்கும் என்றோ, நடக்காது என்பதைவிட நடக்கும் என்பதே அதிகம் என்றோ காட்ட வேண்டியதில்லை; அது நடப்பதற்கு நியாயமான அளவு சாத்தியம் இருந்தாலே போதும் என்றார்கள்.

ஏன் இந்தத் தாழ்ந்த அளவுகோல்? பணம் பற்றிய வழக்கில் தப்பான தீர்ப்பு வந்தால் பணம் போகும். பிறகு திருப்பித் தரலாம். அகதி வழக்கில் தப்பான தீர்ப்பை யார் திருப்பி எடுப்பது? பத்தில் மூன்று பங்கு சாவு வாய்ப்புள்ள பாலத்தில் உங்கள் பிள்ளையை அனுப்புவீர்களா? பாதிக்கு மேல் இல்லையே என்று கணக்குச் சொல்லுவீர்களா?

இந்த அளவுகோலை வாங்கித் தந்தவர்களுக்கு நேர்ந்தது என்ன என்பதையும் கேளுங்கள். அந்த வழக்கில் அவர்கள் தோற்றார்கள். அவர்களில் ஐந்து பேர் 1988 பிப்ரவரியில் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அன்றைய சட்டப்படி அவர்கள் நாட்டை விட்டுப் போன பிறகுதான் அப்பீல் செய்ய முடியும். எந்த இடத்தைக் கண்டு பயந்து ஓடினார்களோ அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு அப்பீல் நடத்தினார்கள்! 1989 மார்ச்சில் அந்த அப்பீலைக் கேட்ட நடுவர், அவர்களுடைய பயம் ஆதாரமுள்ளதுதான், அவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தார். அந்த வருஷம் அக்டோபரில் அவர்கள் பிரிட்டனுக்குத் திரும்பினார்கள். ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட்டுக்கும் போனார்கள். 1991 அக்டோபர் 30இல் அந்தக் கோர்ட்டு, பிரிட்டிஷ் சர்க்கார் உரிமை மீறவில்லை என்று கையை விரித்துவிட்டது. ஆனால் அவர்கள் வழக்கில் பிறந்த அளவுகோல் பிறகு வந்த ஆயிரக்கணக்கான அகதிகளுக்குக் கைகொடுத்தது.

அதையும் இப்போது பாதி இறுக்கியிருக்கிறார்கள். 2022இல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் நிறைவேற்றிய தேசியம் மற்றும் எல்லைகள் சட்டத்தின் 32ஆவது பிரிவு, அந்த ஆண்டு ஜூன் 28 முதல் விண்ணப்பித்தவர்களின் வழக்கை இரண்டாகப் பிரிக்கிறது. நீ சொல்லும் பிரிவைச் சேர்ந்தவன்தானா, உண்மையிலேயே பயப்படுகிறாயா என்பதை சிவில் வழக்கின் உயர்ந்த அளவுகோலால் நிரூபிக்க வேண்டும். திரும்பினால் ஆபத்து உண்டா என்பதற்கு மட்டும் பழைய தாழ்ந்த அளவுகோல். முதல் வாசலை உயர்த்திவிட்டால், இரண்டாவது வாசல் எவ்வளவு அகலமாக இருந்தென்ன?

முன்னுக்குப் பின் முரண்

இனி, நம்பவில்லை என்பதற்குச் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது, முரண்பாடு. நேற்றுச் சொன்னதும் இன்று சொன்னதும் ஒன்றாக இல்லை என்பது. கேட்பதற்கு இது நியாயமாகத்தான் தோன்றும். பொய் சொல்லுகிறவன் மாற்றி மாற்றிச் சொல்லுவான் என்பது நாம் அறிந்ததுதானே?

ஆனால் உண்மை சொல்லுகிறவனும் மாற்றிச் சொல்லுவான். 2002இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. போஸ்னியாவிலிருந்தும் கொசோவோவிலிருந்தும் வந்து, ஏற்கெனவே பிரிட்டனில் தங்க அனுமதி பெற்றுவிட்ட அகதிகளை இரண்டு முறை பேட்டி கண்டார்கள். பொய் சொல்லி அவர்களுக்கு ஆகவேண்டியது எதுவுமில்லை. அப்படியிருந்தும் ஒரே சம்பவத்தை இரண்டாம் முறை சொல்லும்போது விவரங்கள் மாறின. நடுநாயகமான விஷயத்தைவிட ஓரத்து விவரங்களில் மாறுதல் அதிகம். பட்ட அதிர்ச்சி மனத்தை விட்டு நீங்காத நோய் கடுமையாக உள்ளவர்களிடம், இரண்டு பேட்டிகளுக்கு இடையே காலம் நீள நீள மாறுதலும் அதிகமாயிற்று.

யோசித்துப் பாருங்கள். ஆலை வாசலில் தடியடி நடந்த நாளை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மண்டையில் அடி விழுந்தது ஞாபகம் இருக்கும். அடித்த போலீஸ்காரர்கள் எத்தனை பேர், மணி பத்தா பதினொன்றா, லாரி எந்தப் பக்கமிருந்து வந்தது - இதெல்லாம் இரண்டு வருஷம் கழித்து அட்சரம் பிசகாமல் வருமா? ஓரத்து விவரம் மாறியதைப் பிடித்துக்கொண்டு நடு விஷயமே பொய் என்று முடிவு கட்டினால், அதிகமாக அடிபட்டவனே அதிகமாகத் தோற்பான்.

அமெரிக்காவில் இதைச் சட்டமாகவே எழுதிவிட்டார்கள். 2005இல் வந்த ஒரு சட்டம், முரண்பாடு வழக்கின் உயிர்நாடியைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் அதை வைத்து நம்ப மறுக்கலாம் என்கிறது. விண்ணப்பித்தவரின் முகபாவம், நடந்துகொள்ளும் விதம், கேள்விக்குப் பதில் சொல்லும் விதம் இவற்றையும் கணக்கில் எடுக்கலாம் என்கிறது. முகத்தைப் பார்த்து உண்மையைக் கண்டுபிடிப்பது! நம் ஊரில் பெரியவர் முன்னால் கண்ணைத் தாழ்த்திப் பேசுவது மரியாதை. அங்கே கண்ணைப் பார்த்துப் பேசாதவன் கள்ளன். மானபங்கப்படுத்தப்பட்ட பெண், பழக்கமில்லாத ஆண் மொழிபெயர்ப்பாளர் மூலமாக, அதை எந்த முகபாவத்தோடு சொல்ல வேண்டுமாம்?

"நம்பும்படியாக இல்லை"

இரண்டாவது காரணம் இது. இப்படியெல்லாம் நடக்குமா, எந்த அதிகாரியாவது இப்படிச் செய்வானா என்று லண்டனில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கேட்பது.

2006இல் சியரா லியோன் நாட்டு அகதி ஒருவரின் வழக்கில் பிரிட்டிஷ் அப்பீல் கோர்ட்டு இதைப் பற்றி எச்சரித்தது. சாதாரண வழக்கில் ஒரு சம்பவம் இயல்புக்கு ஒத்துவருகிறதா என்று பார்ப்பது உதவலாம். அகதி வழக்கில் அது ஆபத்தானது, சில சமயம் முற்றிலும் பொருந்தாதது என்று அது கூறியது. விசாரிக்கும் நீதிபதி பழகிய சமூகம் வேறு. அகதி தப்பி வந்த சமூகம் வேறு. இங்கே விசித்திரமாகத் தோன்றுவது அங்கே அன்றாடம் நடப்பதாக இருக்கலாம்.

கள்ளப் பாஸ்போர்ட், தாமதம், பொய்

மூன்றாவது, வந்த விதம். பிரிட்டனில் 2004ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் 8ஆவது பிரிவு ஒரு ஜாபிதாவே போட்டிருக்கிறது. கள்ளப் பாஸ்போர்ட்டைக் காட்டியது, காகிதத்தைக் கிழித்துப் போட்டது, வழியிலுள்ள பத்திரமான நாட்டில் விண்ணப்பிக்காதது, பிடிபட்ட பிறகு விண்ணப்பித்தது - இவையெல்லாம் அவருடைய நம்பகத்தைக் கெடுப்பதாகக் கருத வேண்டும் என்று நீதிபதிகளுக்கே அது கட்டளையிடுகிறது.

எந்த சர்க்கார் தன்னைத் துரத்துகிறதோ அதே சர்க்காரிடம் போய் முறைப்படி பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள் போலும்! அனுமதியின்றி நுழைந்த காரணத்துக்காக, நேரே ஆபத்திலிருந்து வந்து, தாமதமின்றித் தன்னை வெளிப்படுத்திக்கொண்ட அகதியைத் தண்டிக்கக் கூடாது என்று 1951 உடன்படிக்கையின் 31ஆவது ஷரத்து சொல்லுகிறது. அந்த உடன்படிக்கையில் கையெழுத்திட்ட நாடுதான் இந்தச் சட்டத்தையும் செய்தது. 2008இல் காமரூன் நாட்டு அகதி ஒருவரின் வழக்கில் அப்பீல் கோர்ட்டு இந்தப் பிரிவின் பல்லைக் கொஞ்சம் பிடுங்கியது. இந்த நடத்தைகளை நீதிபதி கவனிக்க வேண்டும், அவ்வளவுதான். அவற்றுக்கு எவ்வளவு எடை, எடை உண்டா இல்லையா என்பதை அவரே தீர்மானிக்க வேண்டும் என்றது.

அகதிகளில் பொய் சொல்லுகிறவர்களே கிடையாதா? உண்டு. நாம் அதை மறைக்க வேண்டியதில்லை. சிலர் இல்லாததைச் சொல்லுகிறார்கள். சிலர் உண்மையான வழக்கு இருந்தும், ஏஜெண்டு சொல்லிக்கொடுத்ததைக் கேட்டு அதன் மேல் ஒரு பொய்யைப் பூசுகிறார்கள். 2010 நவம்பரில் சோமாலியாவைச் சேர்ந்த ஒருவரின் வழக்கில் பிரிட்டிஷ் சுப்ரீம் கோர்ட்டு இதை ஆராய்ந்தது. பொய்யின் எடை வழக்குக்கு வழக்கு மாறும். ஒரு பொய் அகப்பட்டது என்பதற்காக மற்றதெல்லாம் பொய்யாகிவிடாது. மற்ற சாட்சியத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். லீவுக்குக் காய்ச்சல் என்று பொய் சொன்ன தொழிலாளிக்கு மெஷினில் கை நசுங்கியதும் பொய்யாகிவிடுமா?

தழும்பும் பொய்யா?

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் இந்த வழக்குகளின் ஆணிவேர். 2000ஆம் ஆண்டு கருணாகரன் வழக்கு என்ற இன்னொரு ஈழத் தமிழரின் வழக்கில் அப்பீல் கோர்ட்டு இதை விளக்கியது. சந்தேகமுள்ள சாட்சியத்தை ஒரேயடியாக வெளியே எறிந்துவிடக் கூடாது. அதற்கு எடையே இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தாலன்றி, உரிய எடையோடு அதையும் தராசில் போட வேண்டும் என்றது.

2005இல் காங்கோ நாட்டு அகதி ஒருவரின் வழக்கு வந்தது. கீழே விசாரித்தவர் முதலில் அவருடைய பேச்சை மட்டும் பார்த்து, இவரை நம்ப முடியாது என்று முடிவு கட்டிவிட்டார். பிறகு டாக்டர் சர்ட்டிபிகேட்டை எடுத்து, நம்ப முடியாதவரைப் பற்றிய சர்ட்டிபிகேட்டுக்கு மதிப்பில்லை என்று தள்ளிவிட்டார். இது தலைகீழான முறை, சட்டப் பிழை என்றது அப்பீல் கோர்ட்டு. இப்படி முதலில் முடிவு கட்டிவிட்டுப் பிறகு டாக்டர் சாட்சியத்தைப் பார்க்கக் கூடாது என்று எழுதிய நீதிபதியின் பெயர் வில்சன்.

பதினான்கு வருஷம் கழித்து, அதே வில்சன் சுப்ரீம் கோர்ட்டில் உட்கார்ந்து இன்னொரு தீர்ப்பை எழுதினார். அது ஈழத் தமிழர் ஒருவரின் வழக்கு. தீர்ப்பில் அவருடைய பெயரை மறைத்து கே.வி. என்றே குறித்திருக்கிறார்கள். அவர் 2011இல் பிரிட்டனுக்கு வந்தார். புலிகள் இயக்கத்தின் தங்கம் சம்பந்தமான வேலை செய்ததற்காக இலங்கை சர்க்காரின் ஆட்கள் பிடித்துப்போய், பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டார்கள் என்றார். கையில் சுட்டபோது வலியில் மயங்கிவிட்டதாகவும், மயக்கத்தில் இருந்தபோது முதுகில் சுட்டதாகவும் சொன்னார்.

தழும்புகள் இருந்தன. அவற்றை யாரும் மறுக்கவில்லை. டாக்டர் பரிசோதித்தார். முதுகிலுள்ள தழும்புகளின் ஓரங்கள் துல்லியமாக இருந்தன. சுடும்போது உடம்பு துடிக்கவில்லை, ஆள் மயக்கத்தில் இருந்திருக்கிறார் என்பதற்கு அது பொருந்தியது. கையிலுள்ள தழும்புகள் வேறு மாதிரி இருந்தன. அவர் சொன்ன கதையோடு இவை மிகவும் ஒத்துப் போகின்றன என்று டாக்டர் எழுதினார்.

மேல் டிரிப்யூனல் 2014இல் என்ன சொன்னது தெரியுமா? வழக்கில் ஜயிப்பதற்காக இவரே ஆள் வைத்து, மயக்க மருந்து போட்டுக்கொண்டு, தன் உடம்பில் சூடு போட்டுக்கொண்டார் என்றது! 2017இல் அப்பீல் கோர்ட்டு, ஒரு நீதிபதி மாறுபட, பெரும்பான்மையாக அதை உறுதி செய்தது. டாக்டர் தம் எல்லையைத் தாண்டிவிட்டார், தழும்பைப் பற்றிச் சொல்லலாமே தவிர அது ஏற்பட்ட சூழ்நிலையைப் பற்றிச் சொல்லக் கூடாது என்றும் கூறியது.

2019 மார்ச் 6இல் சுப்ரீம் கோர்ட்டு இந்த இரண்டையும் தள்ளியது. சித்திரவதையைப் பரிசோதிப்பதற்கு ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற இஸ்தான்புல் வழிமுறை என்று ஒன்று உண்டு. தழும்பு கதையோடு எந்த அளவு ஒத்துப் போகிறது என்பதை ஐந்து படிகளாக டாக்டர்கள் சொல்ல வேண்டும் என்பது அதன் விதி. கதை என்றால் சூழ்நிலையும் சேர்ந்ததுதான். அதைப் பற்றி டாக்டர் அபிப்பிராயம் சொல்லலாம் என்றது கோர்ட்டு. தன் உடம்பில் தானே ஆள் வைத்து இப்படிச் சூடு போட்டுக்கொள்வது அபூர்வத்திலும் அபூர்வம். அதற்குக் கணிசமான எடை கொடுத்திருக்க வேண்டும். அந்த வருஷங்களில் இலங்கையில் காவலில் சித்திரவதை நடந்ததற்கோ ஏராளமான சாட்சியம் இருந்தது. இவற்றையெல்லாம் டிரிப்யூனல் தராசில் போடவே இல்லை. வழக்கைத் திரும்ப விசாரிக்கும்படி உத்தரவிட்டது.

தோழர்களே, இதைக் கவனியுங்கள். வாயால் சொன்னபோது காகிதம் எங்கே என்று கேட்டார்கள். காகிதம் இல்லை, இதோ என் முதுகு என்று காட்டினார். முதுகையும் நம்ப மறுத்தார்கள். தன் முதுகிலுள்ள தழும்பை நம்பவைப்பதற்கு ஒரு மனிதர் எட்டு வருஷம், படிப்படியாக நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை ஏற வேண்டியிருந்தது.

முகம் பார்த்துக் கேட்கும் உரிமை

கனடாவில் நடந்த ஒரு போராட்டத்தையும் சொல்ல வேண்டும். 1980களின் தொடக்கத்தில் அங்கே அகதியைப் பிரமாணத்தின் பேரில் ஓர் அதிகாரி விசாரிப்பார். எழுதியதை ஒரு கமிட்டிக்கு அனுப்புவார். கமிட்டி காகிதத்தைப் பார்த்து மந்திரிக்கு யோசனை சொல்லும். மறுத்தால் அப்பீல் போர்டுக்குப் போகலாம். ஆனால் அந்த போர்டும் காகிதத்தைப் பார்த்தே, வழக்கு தேறாது என்று தோன்றினால், நேரில் கேட்காமலே தள்ளிவிடலாம். ஆக, முடிவு செய்த எவரும் அவருடைய முகத்தைப் பார்க்காமலேயே பொய்யன் என்று எழுதிவிட முடிந்தது.

ஏழு பேர் எதிர்த்து வழக்காடினார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து போன சீக்கியர்கள். 1985 ஏப்ரல் 4இல் கனடா சுப்ரீம் கோர்ட்டு அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஒருவரை நம்புவதா இல்லையா என்பது கேள்வியானால், அவரை நேரில் வரவழைத்துக் கேட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் உயிர். முழு விசாரணை நடத்தும் தனி போர்டு 1989இல் அங்கே அமைந்ததற்கு இந்தத் தீர்ப்பே காரணம். பிரமாணத்தின் பேரில் அகதி சொல்வதைச் சந்தேகிக்கக் காரணம் இல்லாதவரை உண்மை என்றே கொள்ள வேண்டும் என்று, 1979இலேயே அந்நாட்டின் அப்பீல் கோர்ட்டு ஒன்று மால்டோனாடோ வழக்கில் சொல்லியிருந்தது.

ஆனால் அங்கேயும் 2012 டிசம்பரில் ஏற்பட்ட அகதி அப்பீல் பிரிவு பெரும்பாலான அப்பீல்களைக் காகிதத்தைப் பார்த்தே முடிக்கிறது. புதிய சாட்சியம் வந்து, அது நம்பகத்தைப் பற்றிக் கடுமையான கேள்வியை எழுப்பினால்தான் நேரில் கேட்கலாம். முதல் விசாரணையில் சொன்னதும் விட்டதும் கடைசிவரை கூடவே வருகிறது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

நம் மாவட்டங்களில் 1983 முதல் முகாம்களில் வாழும் ஈழத் தமிழர்கள் உங்களோடு கட்டட வேலையிலும் வயல் வேலையிலும் கூலி செய்கிறார்கள். 1951 உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை; தனி அகதிச் சட்டமும் இங்கே கிடையாது. ஆனால் அவர்களில் பலருக்கு லண்டனிலும் டொராண்டோவிலும் உறவினர் உண்டு. இன்றைக்கும் அங்கே விசாரணைக்குப் போகிறவர்கள் உண்டு. அவர்கள் காதுக்கு இந்த நாலு வார்த்தையைக் கொண்டு சேர்த்தால் அது உதவி.

முதல் விசாரணையிலேயே, சுருக்கமாகக் கேட்டாலும், முக்கியமான எதையும் விடாமல் சொல்ல வேண்டும். தேதி தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்ல வேண்டும். உத்தேசமாகச் சொன்ன தேதி நாளைக்குப் பொய்ச்சாட்சியாக வந்து நிற்கும். மொழிபெயர்ப்பாளர் பேசுவது புரியாவிட்டால் அங்கேயே சொல்ல வேண்டும். எழுதியதன் நகலை வாங்கி, தப்பிருந்தால் உடனே வக்கீல் மூலம் திருத்தி எழுதித் தர வேண்டும். உடம்பில் தழும்பு இருந்தால், மனம் உடைந்திருந்தால், தகுந்த டாக்டரிடம் காட்டி அறிக்கை வாங்க வேண்டும். வெட்கத்தால் மறைத்ததைப் பிறகு சொன்னால் நம்பமாட்டார்கள். ஆகவே முன்னாலேயே, பெண்கள் பெண் அதிகாரியையும் பெண் மொழிபெயர்ப்பாளரையும் கேட்டு, சொல்லிவிட வேண்டும். ஏஜெண்டு கட்டிக்கொடுக்கும் கதை வேண்டாம். உண்மையே போதும், பொய் அந்த உண்மையையும் தின்றுவிடும்.

நீதிபதிகளிடம் அகதி தயவு கேட்கவில்லை. அவர் சொன்னதெல்லாம் வேதவாக்கு என்று ஏற்கும்படியும் கேட்கவில்லை. எல்லாச் சாட்சியத்தையும் ஒன்றாகத் தராசில் போடு. முடிவை முதலில் எழுதிவிட்டுக் காரணத்தைப் பிறகு தேடாதே. உன் ஊர் வழக்கத்தை வைத்து என் ஊர் கொடுமையை அளக்காதே. சந்தேகம் மிஞ்சினால், தவறினால் யாருடைய உயிர் போகும் என்று பார். இந்த விதிகள் ஒன்றும் மேலிருந்து தானாக இறங்கி வரவில்லை. சிவகுமாரன் வழக்கிலும், கருணாகரன் வழக்கிலும், கே.வி. வழக்கிலும், கனடாவில் அந்த ஏழு பேர் வழக்கிலும், நாடற்று நின்ற மனிதர்கள் விடாப்பிடியாக அப்பீல் செய்து ஒவ்வொன்றாக வாங்கினார்கள். வாங்கியதை 2022இல் செய்தது போல ஒரு சட்டத்தால் பறிக்கவும் முடியும். ஆகவே அவை இருக்கின்றன என்பதைத் தெரிந்தவர்கள் நாலு பேர் அதிகமானால், பறிப்பது அந்த அளவுக்குக் கஷ்டமாகும்.